நாசரேத்தில் கழிந்த முப்பது வருடம்

சென்னையிலிருந்து வேலூர் போகிற நெடுஞ்சாலை எங்கள் ஊர் தாமலைத் தொட்டுக்கொண்டு போகிறது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள், பெங்களூர் லாரிகள், முகூர்த்தப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழி. விடுமுறைக் காலங்களில் இவர்களோடு இன்னொரு கூட்டமும் வரும். தலைமேல் பெட்டிகள் கட்டிய டெம்போ டிராவலர், ஜன்னலோரம் வெயிலில் சிவந்த முகங்கள், எல்லோர் மேலும் ஒரே நிறத்து டி-ஷர்ட். சபையார் பேச்சில் அவர்கள் ‘மிஷன் டீம்’. அமெரிக்காவிலோ கொரியாவிலோ சிங்கப்பூரிலோ ஏதோ ஒரு திருச்சபை ஜெபம் செய்து வழியனுப்பி வைத்த பத்துப் பதினைந்து பேர். இந்த வட்டாரத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்கி ஊழியம் செய்துவிட்டுத் திரும்புவார்கள்.

அவர்களுடைய பாட்டுக்கும் சாட்சிக்கும் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த பழக்கம் எனக்கு உண்டு. அதனால் முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அன்பு பொய்யில்லை. கேக் விற்றும் கார் கழுவியும் டிக்கெட் காசு சேர்த்த கல்லூரிப் பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். மே மாத வெயிலில், ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாத வயிற்றோடு, இல்லத்துச் சுவருக்கு இரண்டு கோட்டு பெயின்ட் அடித்து முடித்துவிட்டுத்தான் படுப்பேன் என்று நின்ற பெரியவர் ஒருவர் இருந்தார். கடைசி இரவு அவர்கள் அழும் அழுகையில் கலப்படம் கிடையாது. அந்த அன்பு குழந்தையிடம் போய்ச் சேரும்போது என்னவாகிறது என்பதுதான் என் கவலை.

வேன் நின்றதும் பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி, இறங்குகிறவர்களில் யாரோ ஒரு பெண்ணின் கையைப் போய்ப் பிடித்துக்கொள்வாள். பிடித்த கையை விடமாட்டாள். முகத்தை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கமாட்டாள், அதற்குள் இடுப்பில் ஏறிக்கொள்வாள். வந்தவருக்குக் கண் கலங்கிவிடும். இந்தக் குழந்தை எப்படி ஒட்டிக்கொண்டது பாருங்கள், அன்புக்கு ஏங்குகிறது என்பார். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டு ஆறு வயதுக் குழந்தை என்ன செய்யும்? புது ஆள் வந்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். எட்டிப் பார்க்கும். அரை மணி நேரம் கழித்து, அம்மா சிரித்துப் பேசுவதைப் பார்த்த பிறகு, மெல்லக் கிட்டே வரும். ஒளிந்துகொள்ள ஒரு முந்தானை இருக்கிற குழந்தைதான் அந்நியரைக் கண்டு கூச்சப்படும். வந்தவர் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அந்த முந்தானை இல்லை என்று பொருள்.

இதை மருத்துவ உலகம் கண்டுகொண்டு வெகுகாலம் ஆகிறது. 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பவுல்பி எழுதிய அறிக்கை, நிலையான ஒரு தாயோ தாய்போன்ற ஒருவரோ இல்லாமல் வளரும் குழந்தையின் மனம் எப்படி ஊனப்படுகிறது என்று விரிவாகச் சொன்னது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரத்தில் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அனைவரும் இல்லங்களில் இருந்த சிறு குழந்தைகள். பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் பேச்சிலும் பாசத்திலும் மற்றவர்களை முந்தினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். இல்லத்தில் சோறு இருந்தது, படுக்கை இருந்தது. தினமும் அதே முகம் இல்லை. ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறியது.

நம் இல்லங்களில் அந்த ‘அதே முகம்’ யாருடையது என்று தேடினால் சமையலறைப் பக்கம் போக வேண்டும். அங்கே ஓர் அக்கா இருப்பார். கொஞ்சம் பெரிய இல்லமென்றால் வார்டன் என்ற பேர், இல்லாவிட்டால் வெறும் அக்காதான். எந்தப் பிள்ளை பாயை நனைக்கும், எது சப்பாத்தியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும், எதற்கு இடி இடித்தால் தூக்கம் வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காலையில் இருபது தலைகளுக்குப் பேன் பார்த்துப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி ஸ்கூல் ஆட்டோவில் ஏற்றுவார். டீம் வந்திருக்கும் நாட்களில் அவரைக் காண முடியாது. விருந்தினருக்குக் காரம் குறைத்துத் தனிச் சமையல், காய்ச்சி ஆற்றிய தண்ணீர், குளியலறைக்கு வாளி என்று ஓடிக்கொண்டிருப்பார். குழுப்படத்திலும் இருக்கமாட்டார். அப்படியொரு அக்காவிடம், பசங்களுக்கு ரொம்ப சந்தோஷம் போலிருக்கே என்றேன்.

“சந்தோஷந்தான் சார். அவங்க இருக்கிற வரைக்கும் சந்தோஷந்தான். போனப்புறம் ரெண்டு நாளைக்குச் சரியா சாப்பிடாதுங்க. சின்னதுங்க கேட்டாண்டயே நிக்கும். நானும் ஒண்ணும் சொல்றதில்ல. மூணாம் நாள் சரியாயிடும். அப்புறம் அடுத்த டீமு வந்துடும்.”

குறையாக அவர் இதைச் சொல்லவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். ஒவ்வொரு டீமும் போகும்போது அந்தக் குழந்தைகள் ஒரு தரம் கைவிடப்படுகிறார்கள். முதலில் விட்டுப்போனது அப்பாவோ அம்மாவோ. அதற்குப் பிறகு, அன்பே உருவாக வந்தவர்கள், வருஷத்துக்கு மூன்று நான்கு தரம். வருபவர் எல்லாம் போய்விடுவார் என்ற பாடத்தைச் சாக்லெட்டோடும் பாட்டோடும் கற்பிக்கிறோம். மூன்றாம் நாள் சரியாகிவிடுகிற குழந்தையை நினைத்துத்தான் எனக்கு அதிக பயம். அது சரியாகவில்லை, பழகிக்கொண்டது.

வந்து போகாமல் தங்கினவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் வெளிநாட்டு மிஷனரி, குழந்தைகள் இல்லம் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருகிற பெயர் ஏமி கார்மைக்கேல். 1867-இல் அயர்லாந்தில் பிறந்தவர். முதலில் ஜப்பானுக்குப் போனார், அங்கே ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்து உடம்பு முடியாமல் திரும்பினார். 1895-இல் இந்தியா வந்தார். நெல்லைச் சீமையில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்யும் பெண்கள் குழு ஒன்றோடு சுற்றிக்கொண்டிருந்தார். குழந்தைகள் இல்லம் அவர் திட்டத்திலேயே கிடையாது. 1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கோயிலுக்குப் பொட்டுக்கட்ட வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன்னும் ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடி, திருப்பி அனுப்பப்பட்டு, கையில் சூடு வாங்கியவள். அவள் வந்த பிறகு இன்னொருத்தி, பிறகு கைக்குழந்தைகள். ஏமியின் ஊர்சுற்றும் ஊழியம் அத்தோடு நின்றது. அதே சீமையின் டோனாவூரில் உட்கார்ந்தார். 1951 ஜனவரி 18-இல் அங்கேயே கண்ணை மூடும் வரை, இந்தியா வந்ததிலிருந்து ஏறத்தாழ 55 ஆண்டுகள், ஒரு தடவைகூட அயர்லாந்துக்குத் திரும்பிப் போகவில்லை. கடைசி இருபது வருடம் 1931-இல் விழுந்து அடிபட்டதிலிருந்து பெரும்பாலும் ஓர் அறைக்குள் படுக்கையில். அப்போதும் பிள்ளைகள் அந்த அறைக்கு வந்து போனார்கள்.

டோனாவூரில் அவர் செய்துவைத்த ஏற்பாடுகள் சிலவற்றை இன்றைக்கும் குழந்தைகள் இல்லம் நடத்துகிற எவரும் உட்கார்ந்து படிக்கலாம். பெரிய கூடம் ஒன்றில் நூறு பாய் விரிக்காமல், சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அக்காள். அங்கேயே வளர்ந்து பெரியவர்களான பெண்கள் பலர் அந்த அக்காள்மார்களானார்கள். வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு வந்த பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. ஏமி அம்மா. ‘மிஸ்’ என்றும் ‘மேடம்’ என்றும் கூப்பிடவேண்டிய காலத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சித்தியாவது என்றால், அவள் புடவை கட்டித் தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டு, அக்காளின் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து நடக்கிறாள் என்று பொருள். இந்தக் குடும்பத்தின் மற்றொரு தூண் பொன்னம்மாள். இளம் விதவை. புகுந்த வீட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்து ஏமியோடு சேர்ந்தவர். கைக்குழந்தைகள் வரத் தொடங்கிய காலத்தில் அவற்றைத் தூக்கிச் சுமந்து காப்பாற்றிய உழைப்பில் பெரும்பங்கு அவருடையது. 1915-இல் அவர் இறந்துபோனார். ஏமியைப் பற்றிப் பேசுகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது பொன்னம்மாளைத் தெரியுமா என்பது சந்தேகம்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கே இருந்த ஒரு வழக்கம். பல குழந்தைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆகவே அவர்கள் அங்கே வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வருகைநாள் என்று ஒன்று. நீ வந்த நாள் எங்களுக்குப் பண்டிகை என்று ஒரு வீடு குழந்தையிடம் சொல்கிறது.

இந்த இடத்தில் நம் பக்கம் திரும்பவேண்டும். வெளிநாட்டு டீமைப் பற்றி மட்டும் பேசி முடித்தால் அது நேர்மையாகாது. சென்னையிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை தோறும் இல்லங்களுக்குக் கார் வருகிறது. தங்கள் பிள்ளையின் பிறந்தநாளை ‘ஹோம்’ பிள்ளைகளோடு கொண்டாடவேண்டும் என்று பிரியப்படும் பெற்றோர். கேக் மேஜையில். பிரியாணி அண்டா ஓரமாக. நாற்பது குழந்தைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, யாரென்றே தெரியாத ஒரு பிள்ளைக்கு வாழ்த்துப் பாட்டுப் பாடவேண்டும். போட்டோ எடுத்து முடியும் வரை தட்டில் கை வைக்கக்கூடாது. அப்பா ஒரு பக்கமும் அம்மா மறுபக்கமும் நிற்க நடுவில் ஒரு குழந்தை மெழுகுவர்த்தி ஊதுவதை, அப்பாவும் அம்மாவும் இல்லாதவர்கள் என்று சொல்லப்படுகிற குழந்தைகளை உட்காரவைத்துக் காட்டுகிறோம். சாப்பாட்டில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதை அனுப்பிவைத்தாலும் அதே ருசிதான். நாம் நேரில் போவது நமக்கு வேண்டியிருக்கிறது. கொடுத்தோம் என்ற நிறைவை நமக்கு ஊட்டி அனுப்பும் வேலையைத் தலைக்கு ஒரு பொட்டலம் என்ற கணக்கில் குழந்தைகளிடம் கொடுக்கிறோம்.

கொடுப்பவர்களைத் திருப்திப்படுத்தவேண்டிய இந்த நெருக்கடி ஏமிக்கும் வந்தது. இங்கே பார்த்ததைப் பார்த்தபடி எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி, மனதைச் சோர்வாக்குகிறது, கொஞ்சம் உற்சாகமாக எழுதித் தரவேண்டும் என்று திரும்பி வந்தது. அவர் மாற்றவில்லை. பிறகு 1903-இல் ‘திங்ஸ் ஆஸ் தே ஆர்’ (உள்ளது உள்ளபடி) என்ற தலைப்பிலேயே அது வெளிவந்தது. பணத்துக்காகக் கையேந்தி வேண்டுகோள் விடுவதில்லை என்பதையும் டோனாவூர் கொள்கையாக வைத்துக்கொண்டது. கொடுப்பவருக்குப் பிடித்தமாதிரிக் குழந்தையின் கதையைத் திருத்தாமல் இருக்கவேண்டுமானால் இப்படி ஒரு வைராக்கியம் வேண்டித்தான் இருக்கிறது.

டோனாவூரில் எல்லாமே சரியாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். குழந்தையைத் திருப்பிக் கேட்டுத் தாய்தகப்பன்மார் நீதிமன்றம் போன வழக்குகள் அதன் வரலாற்றில் உண்டு. காப்பாற்றுவது எது, பிரிப்பது எது என்ற கேள்வி அன்றைக்கும் சுலபமாக இருக்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டமன்றத்தில் நின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தப்பி வந்த பெண்களுக்காகச் சென்னையில் அவ்வை இல்லம் தொடங்கினார். அந்த வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் ஒழித்தது. அந்தக் காலத்து இல்லங்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. திரும்பிப்போனால் சூடுதான் என்கிற குழந்தைகள் அவை.

இன்றைக்கு நம் பக்கத்து இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள்? ‘அநாதை இல்லம்’ என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். 2009-இல் ‘சேவ் தி சில்ட்ரன்’ வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். எங்கள் பக்கத்தில் இதை நம்புவதற்கு அறிக்கை வேண்டியதில்லை. பொங்கலுக்கு இல்லத்து வாசலில் போய் நின்றால் போதும். மஞ்சப்பையோடு அம்மாக்கள் காத்திருப்பார்கள்.

அவர்கள் ஏன் பிள்ளையை அங்கே விட்டார்கள் என்று அறியத் தறிப்பக்கம் போகவேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டு உலகப் பிரசித்தம். அந்தப் புடவையின் அழகே கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் நெய்யும்போதே பிணைக்கவேண்டும். அதற்குக் குழித்தறியில் நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு கை தேவை. கரை நாடாவைத் தள்ளுகிற அந்தக் கை நெடுங்காலம் குழந்தையின் கையாக இருந்தது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளை தறிக்குப் போய்விடும். முன்பணம் தீரும் வரைக்கும் அது அங்கேதான். 2003-இல் ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், எங்கள் மாவட்டத் தொண்டு நிறுவனங்களின் பல வருட உழைப்பு, சத்துணவு, விசைத்தறி, பக்கத்திலேயே வந்துவிட்ட தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்து தறிக்குழியிலிருந்து பிள்ளைகளைப் பெருமளவு வெளியே கொண்டுவந்துவிட்டன. அது நன்றியோடு நினைக்கவேண்டிய மாற்றம். ஆனால் முன்பணம் என்ற கடன் போய்விடவில்லை. கைத்தறிக்கு வருமானம் சுருங்கியது. புருஷன் குடியிலோ விபத்திலோ போனபின் ஒரு பெண், தறிக்கூலியிலோ கம்பெனியின் ஒப்பந்தக் கூலியிலோ இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நைட் ஷிப்டுக்குப் போகும்போது பெண்குழந்தையை யாரிடம் விடுவது என்று நிற்கிறாள். யாரோ சொல்கிறார்கள்: இன்ன இடத்தில் ஒரு ஹோம் இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், இங்கிலீஷ் மீடியம், மூன்று வேளையும் சோறு. அவள் கொண்டுபோய் விடுகிறாள். பெற்ற பாசம் குறைந்து விடவில்லை. பாசத்தால்தான் விடுகிறாள்.

டீமிடம் அறிமுகம் செய்யும்போது இந்தத் தாய் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறாள். அநாதை என்றால்தான் இரக்கம் பிறக்கும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள். ஒரு குழந்தைக்கு உள்ள ஒரே சொத்தான தாயை அதன் கதையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஓர் அந்நியரின் மடியை வைக்கிறோம். இதை ஊழியம் என்று கர்த்தருடைய பெயரால் அழைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வேதாகமத்தில் இதற்கு நேரான கதை ஒன்று இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கவனித்தவர்கள் குறைவு. நைல் நதி நாணலில் ஒரு கூடை. உள்ளே மூன்று மாதக் குழந்தை. பார்வோனுடைய குமாரத்தி எடுக்கிறாள். அவள் வேற்று இனத்தவள், பணக்காரி, அரண்மனைக்காரி, அழுகிற குழந்தையைப் பார்த்து மனம் இரங்குகிறாள். நல்ல உள்ளத்தில் இன்றைய டீமுக்கு ஓர் அணுவும் குறையாதவள். அப்போது பக்கத்தில் ஒளிந்து நின்ற அக்காள் மிரியாம் ஓடிவந்து, பால் கொடுக்க ஒரு தாயை அழைத்து வரட்டுமா என்று கேட்கிறாள். அழைத்துவந்தது குழந்தையின் சொந்தத் தாயையே. ராஜகுமாரி அவளிடம் குழந்தையைக் கொடுத்து, வளர்ப்பதற்குச் சம்பளமும் பேசுகிறாள். மோசே பெரிதாகும் வரை தன் வீட்டில், தன் தாயின் மடியில், தன் மொழியில் வளர்ந்தான். செலவு அரண்மனையுடையது. ஏழைத் தாயிடமிருந்து பிள்ளையை வாங்காமல், பிள்ளையோடு அவளுக்குக் கூலியும் கொடுத்து அனுப்பிய அந்த ஏற்பாட்டுக்கு மேல் ஒன்றை இத்தனை நூற்றாண்டுகளில் எந்த மிஷன் போர்டும் கண்டுபிடித்துவிடவில்லை.

சட்டமும் இன்று அதைத்தான் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழி, வளர்க்கிற முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துக்கு என்று கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒன்றிய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், கஷ்டத்தில் இருக்கும் குடும்பம் பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. தமிழக அரசு 2025-இல் ‘அன்புக் கரங்கள்’ என்று மாதம் 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. நாட்டுக்கு வெளியே, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-இல் மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களை ஏற்றது. 2019-இல் இல்லங்களுக்குத் தன்னார்வப் பயணம் போவதால் குழந்தைகளுக்கு நேரும் தீங்கையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017-இல், பயணிகளுக்காகவும் நன்கொடைக்காகவும் குழந்தைகளை இல்லத்தில் நிரப்புவது நவீன அடிமைமுறையின் ஒரு வடிவம் என்று எழுதியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போகவர விமானச் செலவு ஆளுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பேர் டீமுக்குப் பத்து லட்சம். மாதம் 4,000 வீதம் அது இருபது குழந்தைகளை ஒரு வருடம் அவரவர் வீட்டில் வைத்திருக்கும். டிக்கெட் காசை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. நேரில் வந்து பார்க்காதவர் கொடுக்கமாட்டார், வந்து போனவர்தான் ஆயுள் முழுக்கக் கொடுக்கிறார் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. தவிரவும், தூரத்துக் காசுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அமெரிக்காவின் ‘கம்பேஷன் இன்டர்நேஷனல்’ ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்தியாவில் வேலை செய்தது. வெளிநாட்டு நன்கொடைக் கட்டுப்பாட்டில் அதன் பணம் நின்றுபோய், 2017 மார்ச்சில் கதவை மூடியது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதன் ஆதரவில் இருந்தார்கள். இவர்களுக்கும் கடல் தாண்டிய ஆதரவாளர்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த கடிதங்கள் ஒரே மாதத்தில் நின்றன. குடும்பத்தோடு இருந்த பிள்ளைக்குக் கடிதமும் உதவியும் நின்றுபோயின, வீடு நின்றுபோகவில்லை. டீமையும் நன்கொடையையும் மட்டுமே நம்பி நிற்கும் இல்லத்தில் இது நடந்திருந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வருகிறவர்கள் வரட்டும். வந்து அந்த அக்காவோடு உட்காரட்டும். அவர் கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தார், பி.எஃப். இருக்கிறதா, கண் பரிசோதனை செய்துகொண்டாரா என்று விசாரிக்கட்டும். பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று நான் மொழிபெயர்த்த டீம்கள் எல்லாம் கேட்டிருக்கின்றன, அக்காவுக்கு என்ன சம்பளம் என்று ஒரு டீமும் கேட்டதில்லை. டீமில் பல் டாக்டர் இருந்தால் பல் பார்க்கட்டும், கணக்குத் தெரிந்தவர் இருந்தால் இல்லத்து வரவுசெலவைச் சீராக்கித் தரட்டும், கொத்தனார் இருந்தால் சுவர் எழுப்பட்டும். குழந்தையின் மனதை மட்டும் திறந்துவிட்டுப் போகவேண்டாம். அதை மூடிப் பார்த்துக்கொள்ள நாளை அவர்கள் இருக்கப்போவதில்லை.

இப்படிச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. கட்டிப்பிடிக்காத ஊழியம் ஊழியமா, அன்பைக் காட்டவேண்டாமா என்கிறார்கள். சபையில் வளர்ந்தவன் என்ற முறையில் அவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது நாசரேத்தைப் பற்றித்தான். நாம் விசுவாசிக்கிறவர் மனுஷனாக வந்தபோது எப்படி வந்தார்? அற்புதங்களும் கூட்டங்களும் பிரசங்கங்களும் கடைசி மூன்றரை வருடக் கதை. அதற்கு முன் ஏறக்குறைய முப்பது வருடம் அவர் ஒரே ஊரில் இருந்தார். சில நூறு பேர் வாழ்ந்த சின்ன ஊர். தச்சன் வீடு. அந்த முப்பது வருடத்தைப் பற்றிச் சுவிசேஷங்களில் அநேகமாக ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வயதில் எருசலேம் போய்வந்த ஒரு சம்பவம், பிறகு அவர் தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்ற செய்தி, அவ்வளவுதான். எழுதி அனுப்பும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. மரம் அறுத்தார், சாப்பிட்டார், அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருப்பார். உலகை மீட்க வந்தவருடைய ஆயுளில் பத்தில் ஒன்பது பங்கு இப்படிக் கழிந்ததை நாம் வீணான காலம் என்று நினைக்கிறோமா? அந்தக் காலத்தில்தான் அவர் மனிதரோடு மனிதராக இருந்தார். பேன் பார்த்துப் பின்னல் போடுகிற அக்கா அந்த முப்பது வருடத்துக்குள் இருக்கிறார். பொன்னம்மாள் அதற்குள் இருந்தார். டீமின் பதினைந்து நாள் அதற்குள் வராது. எவ்வளவு ஜெபித்தாலும் வராது, ஏனென்றால் அன்புக்கு நாள் தேவை, அதுவும் ஒன்றும் நடக்காத நாள்.

அந்த ஊர்க்காரர்கள் அவரை மதிக்கவில்லை என்பதும் சுவிசேஷத்தில் இருக்கிறது. இவன் தச்சன் அல்லவா, இவன் தாயை நமக்குத் தெரியாதா, தம்பிமார் இன்னின்னார் அல்லவா, தங்கைகள் இங்கேதானே இருக்கிறார்கள் என்று ஏளனமாகப் பேசினார்கள். பிரசங்கங்களில் இதை அவிசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் கேட்கிறது. ஒரு முழு ஊருக்கு அவரைத் தெரிந்திருந்தது. வீடு தெரியும், தொழில் தெரியும், கூடப்பிறந்தவர்களின் பெயர் தெரியும். தேவகுமாரன் என்று நாம் அறிக்கையிடுகிறவருக்கே இன்னார் வீட்டுப் பிள்ளை என்ற அடையாளம் தேவைப்பட்டது.

எங்கள் ஊரில் தெருவோடு போகிற எந்தப் பிள்ளையையும் திண்ணையில் இருக்கும் பாட்டி விடமாட்டாள். “யார் வூட்டுப் புள்ளடா நீ?” என்பாள். பேர் கேட்கமாட்டாள். அப்பன் பேரையோ ஆயா பேரையோ சொன்னால் போதும், மூன்று தலைமுறையை எடுத்து விடுவாள். சில நேரம் உன் தாத்தன் எனக்குத் தரவேண்டிய படி நெல் இன்னும் பாக்கி என்பாள். இல்லத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரைச் சொல்ல நன்றாக வரும், ‘வாட் ஈஸ் யுவர் நேம்’ என்று வந்தவர் எல்லாம் கேட்டுக் கேட்டு. பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் திணறும். அந்தப் பதிலை மீட்டுத் தருவது கட்டடத்தாலும் கேம்ப்பாலும் ஆகாது. தாய் இருக்கிறாள் என்றால் அவள் வாடகையும் கடனும் நைட் ஷிப்டும் சரியாகவேண்டும், பாட்டியோ சித்தப்பாவோ இருந்தால் அவர்களைத் தேடிப்பிடித்துப் பேசவேண்டும், ஒருவருமே இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழு வழியாக வளர்க்கவோ தத்தெடுக்கவோ ஒரு குடும்பம் வேண்டும். அதுவரை அக்கா அக்காவாகவே அங்கே நிலைத்திருக்க வேண்டும். இதில் எதற்கும் போட்டோ கிடையாது. டீமை அழைத்துவருகிற பாஸ்டர் ஐயாமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை வேனை முதலில் இல்லத்துக்குத் திருப்பாதீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மா குடியிருக்கும் சந்துக்குக் கூட்டிப் போங்கள். டீம் முழுவதும் வேண்டாம், இரண்டு பேர் போதும். அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போங்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள உனக்கு மாதம் எவ்வளவு ஆகும் அம்மா என்று கேளுங்கள், அவள் சொல்கிற தொகையை நான் மொழிபெயர்க்கிறேன்.